மலைக்கு ஒரு தூரம், முகத்துக்கு ஒரு தூரம்

நிழல் பிடித்த கதை – வரலாற்றுத் தொடர் – 14

சென்ற இதழில் கேப்டன் லினியஸ் ட்ரைப்பைத் தஞ்சைப் பெரிய கோயிலில் விட்டு வந்தோம். 1858-ல் அவர் அந்தக் கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து நீளமான ஒரே படமாக்கினார். சுவருக்கும் காமிராவுக்கும் நடுவிலிருந்த இடைவெளி மாறாமல் பார்த்துக்கொண்டு முக்காலியை நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறார். பின்னாளில் தண்டவாளம் போட்டு ட்ராலி உருட்டிச் செய்த வேலையை அவர் சினிமா பிறப்பதற்கு 37 ஆண்டுகள் முன்பே செய்துவிட்டார். படம் எடுப்பவர் எடுக்கும் முதல் முடிவு தூரத்தைப் பற்றியது என்பது அந்த ராணுவக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

லாங் ஷாட், மிட் ஷாட், க்ளோசப் என்று படப்பிடிப்புத் தளத்தில் காதில் விழும் பெயர்கள் எல்லாம் அந்த முடிவின் பெயர்கள்தான். எந்த ஷாட்டை எந்த இயக்குநர் முதலில் வைத்தார் என்று வரிசைப்படுத்தும் வரலாறுகள் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எடுக்கப்படும் பொருளும் ஊரும் காமிராவை எங்கே நிற்க விட்டன என்பது. அதைப் பார்க்கத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. எவ்வளவு தள்ளிப் போனாலும் கண்ணை விடாத மலை ஒன்று இங்கே இருக்கிறது. அந்த மலையிலும் அதன் அடியிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்து, உலகத்தைத் தன் முகத்தருகே வரவழைத்த மனிதர் ஒருவரும் இருந்தார்.

வேங்கிக்காலில் தொடங்குவோம். ஊருக்கு வடகிழக்கே, வேலூர் சாலையில் இருக்கிறது. 1989-ல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கு ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். ஏரிப் பக்கமோ மொட்டை மாடியோ, கட்டடம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால் தென்மேற்கே அண்ணாமலை முழுதாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,668 அடி. மலையடிக் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்த கோபுரம். அந்தக் கோபுர வாசலுக்கு எதிரே நின்று அகல லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் கோபுரம் வானத்தைப் பிடித்துக்கொள்ளும். மலை அதன் தோளுக்குக் கீழே ஒதுங்கிவிடும். அங்கிருந்து கிழக்கே விலகி விலகி வந்தால் கோபுரம் சிறுக்கத் தொடங்கும். மலை அந்த அளவுக்குச் சிறுக்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிவந்து டெலி லென்ஸை மாட்டினால், கோபுரத்துக்குப் பின்னால் மலை பல மடங்கு உயரத்தில் சுவர்போல எழுந்து நிற்கும். வேங்கிக்கால் தூரத்துக்கு வந்துவிட்டால் கோபுரம் மலையடியில் ஒரு சிறு குறி, அவ்வளவுதான்.

இதை லென்ஸின் வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். மலையும் கோபுரமும் ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு பெரியவை என்பதை நிற்கும் இடம் மட்டுமே தீர்மானிக்கிறது. அந்தப் பார்வையில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதுதான் லென்ஸின் வேலை. படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் ஜூமைத் திருகாமல் முதலில் நடந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். நடந்து பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

வெளிச்சமும் இங்கே தூரத்துக்கு ஒத்தாசை செய்கிறது. ஊர் பெரும்பாலும் மலைக்குக் கிழக்கே இருப்பதால் காலை வெயில் மலையின் மேல் நேராக விழும். பாறை, புதர், மழைநீர் இறங்கிய தடம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்போது மிஞ்சுவது கறுத்த உருவரை மட்டுமே. கார்த்திகை தீபப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய மலை அந்த மாலை மலைதான்.

இனி முகத்தின் கதை. அது 1896-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜூலை 7-ல் பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் திரையிடப்பட்டன. இந்தியாவில் நடந்த முதல் சினிமாக் காட்சி. அதே ஜூலையில் மதுரையில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பள்ளி மாணவன் தன் மரணத்தைத் தானே பார்ப்பது போன்ற ஒரு அனுபவத்துக்கு ஆளானான். வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பின்னர் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

லூமியேர் காமிரா ஒரே இடத்தில் நிற்கும். தொழிலாளர்கள் ஆலையைவிட்டு வெளியே வருவார்கள், ரயில் நிலையத்துக்குள் வரும், காமிரா அசையாது. தெருவில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் மனிதரின் தூரம் அது. 1900-ல்தான் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் ‘கிராண்ட்மாஸ் ரீடிங் கிளாஸ்’ என்ற சின்னஞ்சிறு படத்தில் பாட்டியின் பூதக்கண்ணாடி வழியாகச் சிறுவன் பார்ப்பதாகச் சில பொருள்களைப் பெரிதாகக் காட்டினார். கடிகாரத்தின் உட்புறம், கூண்டுப் பறவை, பாட்டியின் கண். ஒரு கண்ணைத் திரை நிறையக் காட்டுவதற்கு அன்றைக்கு ஒரு பூதக்கண்ணாடியைச் சாக்காக வைக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பார்ப்பவர் மிரண்டுவிடுவார் என்ற தயக்கம்.

அந்த 1900-ல் ரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். அந்தக் காலத்தை ஒட்டி எடுக்கப்பட்டதாக ஒரு படம் இருக்கிறது. கோவணம் மட்டும் அணிந்து உட்கார்ந்திருக்கும் மெலிந்த இளைஞர். 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்தில் இருந்த நாட்களில் தாயார் அழகம்மாளோடும் அடியவர்களோடும் எடுத்த குழுப் படங்கள் கிடைக்கின்றன. எல்லாம் தள்ளி நின்று எடுத்தவை. முக்காலி, கண்ணாடித் தகடு, சில கணங்கள் அசையாமல் இருங்கள் என்ற வேண்டுகோள். இவற்றையெல்லாம் மலைமேல் சுமந்து கொண்டுபோய் எடுக்கும்போது ஒரு தகட்டில் எத்தனை பேரை அடக்கலாம் என்றுதான் மனம் கணக்குப் போடும். அந்தக் குழுப் படங்களை நான் வெகுவாக மதிக்கிறேன். நானும் அங்கே இருந்தேன் என்று ஒவ்வொரு அடியவரும் காலத்திடம் கொடுத்துவைத்த சாட்சி அது. ரமணரும் அதில் பலரில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்.

1920-களில் கருவிகள் சிறுத்தன. 1923-ல் கோடாக் 16 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. சினிமாக் கம்பெனி இல்லாமலே தனிமனிதர்கள் அசையும் படம் எடுக்கலாம் என்றானது. 1925-ல் லைகா, 1929-ல் ரோலிஃப்ளெக்ஸ் என்ற சிறிய காமிராக்கள் வந்தன. இத்தகைய சிறு கருவிகள் மலையடியிலிருந்த ரமணரின் ஆசிரமத்துக்குள் புகுந்த விதத்தை அங்கே எஞ்சியிருக்கும் படங்களே காட்டுகின்றன. 1930, 40-களில் சென்னை டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி வந்து வந்து எடுத்த படங்கள் ஏராளம். நடக்கும்போது, சாய்ந்திருக்கும்போது, கைத்தடியோடு மலைச்சரிவில் நிற்கும்போது என்று ஒரு மனிதரின் அன்றாடத்தை அவர் சேர்த்துவைத்தார். ஒலியில்லாத சினிமாத் துண்டுகளும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ரமணர் நடந்து வருவதைப் பார்க்கும்போது, வயதான உடம்பின் தள்ளாட்டமும் அதை அவர் பொருட்படுத்தாத விதமும் ஒன்றாகத் தெரிகின்றன. நடையைக் காட்ட முழு உருவம் வேண்டும். க்ளோசப்புக்கு நடை தெரியாது.

ஆனால் தமிழர் வீட்டுச் சுவர்களுக்கும் பூஜை மாடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது க்ளோசப்தான். பெங்களூரு ஜி.ஜி. வெல்லிங் 1940-களில் எடுத்த மார்பளவுப் படம். பக்தர்கள் இன்றும் அதை வெல்லிங் பஸ்ட் என்றே சொல்கிறார்கள். வெட்டிய நரைமுடி, வெண்தாடி, திறந்த தோள், உதட்டில் மெல்லிய மலர்ச்சி. பின்னணியில் மலை இல்லை, மண்டபம் இல்லை, அடியவர் இல்லை. கண்கள் லென்ஸை நேராகப் பார்க்கின்றன. அதனால் அறையில் எந்த மூலையில் நின்றாலும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முகத்துக்கு மிக அருகே காமிராவைக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கிவிடும். ஆகவே முகப்படம் எடுப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று நீண்ட லென்ஸைப் போடுவார்கள். சினிமாவிலும் க்ளோசப்புக்கு 75, 85 மில்லிமீட்டர் லென்ஸ் என்று மாற்றுவது இதற்காகத்தான். நமக்கு நெருக்கமாகத் தெரிகிற முகத்தை எடுத்தவர் மரியாதையான இடைவெளியில் நின்றிருப்பார்.

சினிமாவின் க்ளோசப்பும் இதுவும் ஒரே அளவுச் சட்டம். ஆனால் வேலை வேறு. 1935-ல் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன் ‘சதி லீலாவதி’யையும் (1936), ‘அம்பிகாபதி’யையும் (1937) எடுத்தபோது தமிழ்ப் படங்கள் நாடகக் கொட்டகையின் முதல் வரிசை நாற்காலியிலிருந்து பார்ப்பது போலத்தான் இருந்தன. நடிகர் முழு உருவமாக நின்று நேராகப் பாடுவார். டங்கன் காமிராவை நகர்த்தினார், முகங்களுக்கு அருகே போனார். அப்படிப் போகும்போது சினிமா நடிகருக்கு ஒரு கட்டளை உண்டு: லென்ஸைப் பார்க்காதே. எதிரே இருப்பவரைப் பார், அவருடைய தோளைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து எடுக்கிறேன் என்பார்கள். நம் தளங்களில் சஜஷன் என்று சொல்வது அந்த ஷாட்டைத்தான். சினிமாவில் நாம் இன்னொருவரின் உரையாடலை ஒட்டுக்கேட்கிறோம். பூஜை மாடத்துப் படத்தில் நடுவே வேறு யாரும் இல்லை. கர்ப்பக்கிருகத்தில் சாமி வாசலைப் பார்த்து நிற்பது போலவே அந்தப் படமும் நிற்கிறது. தமிழர்கள் க்ளோசப்பைத் திரையில் ஏற்றுக்கொள்ளப் பழகியதில் பூஜை மாடத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

லோ ஆங்கிளும் அப்படித்தான். திரையில் நாயகனைக் கீழிருந்து காட்டினால் அவருக்குப் பலம் கூடும் என்பது பாடம். ஆசிரமத்தின் பழைய ஹாலில் ரமணர் சோபாவில் சாய்ந்திருப்பார். வந்தவர்கள் தரையில் உட்காருவார்கள். உட்கார்ந்தபடி காமிராவைத் தூக்கினால் தானாகவே லோ ஆங்கிள் வந்துவிடும். அங்கே அந்தக் கோணம் உட்கார்ந்திருப்பவரின் பணிவிலிருந்து வருகிறது.

1949 மே மாதம் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகை ரமணரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. படங்கள் எலியட் எலிசோஃபோன். அதற்குள் ரமணரின் இடது கையில் வந்த கட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வளரத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் மனிதர் திருவண்ணாமலையில் இருந்தார்: ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன்.

1947-ல் மேக்னம் என்ற புகைப்படக்காரர்களின் கூட்டுறவை நிறுவியவர்களில் ஒருவர் அவர். 1948 ஜனவரியில் டெல்லியில் காந்தியைச் சந்தித்துவிட்டு வந்த சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகை வாசலில் ஏறி நின்று நேரு மரணச் செய்தியைச் சொல்லும் படம், விளக்கொளியில் கலங்கலாக, கூர்மையில்லாமல் இருக்கும். ஃப்ளாஷ் போட்டிருந்தால் கூர்மை வந்திருக்கும், இரவு போயிருக்கும். அவர் ஃப்ளாஷை வெறுத்தார். எடுத்த படத்தைப் பிறகு வெட்டுவதையும் வெறுத்தார். லைகாவில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே போதும் என்றிருந்தார்.

அந்த 50 மில்லிமீட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிடைமட்டச் சட்டத்தில் ஒரு மனிதரைத் தலை முதல் கால் வரை அடக்க 12, 15 அடி தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் அவர் தனியாக வரமாட்டார். பக்கத்தில் விசிறுகிறவர், சுவரில் சாய்ந்திருப்பவர், குழந்தையை இடுப்பில் வைத்தவர் என்று பலர் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். எடுப்பவரும் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும். ஒளிந்து நின்று எடுக்க முடியாது. க்ளோசப்பில் அருள் தெரியலாம், லாங் ஷாட்டில் மகத்துவம் தெரியலாம். ஒரு ஊர் ஒரு மனிதரை எப்படி இழந்தது என்பது இந்த நடுத்தூரத்தில்தான் தெரியும். ப்ரெஸ்ஸோன் ரமணரின் இறுதி நாட்களையும் மறுநாள் துக்கத்தையும் அப்படித்தான் எடுத்தார். ரமணரைப் பற்றிய படங்களில் எனக்கு மிக நெருக்கமானவை இவை.

ஏப்ரல் 14 இரவு நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். தான் தங்கியிருந்த வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தபோது நண்பர்கள் வானத்தைக் காட்டினார்கள். தெற்கிலிருந்து வால் நீண்ட ஒளி ஒன்று மெதுவாக நகர்ந்து, மலையுச்சிக்கு வந்து அதன் பின்னால் மறைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். 8 மணி 47 நிமிடம். ஆசிரமத்துக்கு ஓடினார்கள், ரமணர் உயிர் பிரிந்தது அதே நிமிடத்தில். அந்த நாளின் ஃபிலிமை வைத்துக்கொண்டு கையில் பிடித்த காமிராவில் இரவு வானத்தின் ஒளிக்கீற்றைப் பதிவது நடவாத காரியம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1952-ல், கணத்தைப் பிடிப்பதே புகைப்படக் கலை என்று உலகுக்குச் சொல்லப்போகிற புத்தகத்தை வெளியிட்டவர் அவர். அவர் பார்த்த கணங்களில் இது அவருடைய சொல்லாகவே நமக்கு வந்திருக்கிறது.

மேலிருந்து பார்ப்பதைச் சொல்லாமல் இந்த ஊரை முடிக்க முடியாது. சினிமாவுக்கு டாப் ஆங்கிள் வேண்டுமானால் க்ரேன் வர வேண்டும், இல்லை என்றால் கோடா என்ற உயர மேடை கட்ட வேண்டும். திருவண்ணாமலையில் கிழக்குச் சரிவில் ஸ்கந்தாசிரமப் பாதையில் ஏறினால் போதும். கோயிலின் மதில்கள், ஒன்பது கோபுரங்கள், குளங்கள், அவற்றைச் சுற்றி விரியும் வீதிகள் எல்லாம் வரைபடம்போலத் தெரியும். தெருவில் நிற்கும்போது புரியாத கட்டட ஒழுங்கு அங்கே ஒரே பார்வையில் புரிந்துவிடும். அஞ்சலட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் நாம் கண்ட திருவண்ணாமலை பெரும்பாலும் அந்தப் பாதையிலிருந்து எடுத்ததுதான்.

இப்போது ட்ரோன் வந்துவிட்டது. 2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயலின் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மேலிருந்து எடுத்த படங்கள் மலையில் மண் சரிந்த தடத்தையும், வீடுகள் எவ்வளவு உயரம் வரை ஏறிப்போயிருக்கின்றன என்பதையும் காட்டின. அந்த உண்மையைத் தரையில் நின்ற எந்தக் காமிராவும் காட்டியிருக்க முடியாது. அதிகாரிகளும் நிபுணர்களும் அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதே படங்களைத் தொலைக்காட்சிகள் இசை போட்டு நாள் முழுக்க ஓட்டியதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்து வாசலில் நிற்பவர் தெரியமாட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 13-ல் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்களை மலையேற விடவில்லை.

தீபப் படம் எடுப்பவர்களுக்கு வேங்கிக்கால் நல்ல இடம். மாலை 6 மணிக்குச் சுடர் எழும்போது மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும். மலையின் உருவரை, உச்சியில் சுடர், கீழே ஊரின் விளக்குகள் மூன்றும் ஒரே சட்டத்தில் பதிவது அந்தச் சில நிமிடங்களில்தான். இருட்டிவிட்டால் மலை மறைந்து வானத்தில் ஒரு புள்ளி மட்டும் வரும். மலையைக் கொண்டுவர ஷட்டரைப் பல நொடிகள் திறந்துவைத்தால் சுடர் ஊதிப் பெருத்துவிடும். சுடர் 11 நாள் எரிவதால் மறுநாள்களில் முக்காலியை இடம் மாற்றி வைத்துப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதல் நாளின் ஜனம் மறுநாள் மொட்டை மாடிகளில் இருக்காது.

அந்த ஜனத்தைத் தேடிப் போனது ஒரு முயற்சி. மட்டாஞ்சேரியில் பிறந்து, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் புகைப்படக்காரராக இருந்து, பின்னர் திருவண்ணாமலைக்கு வந்து தங்கிய அபுல் கலாம் ஆசாத், ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளை மூலம் 2014-15-ல் ‘ப்ராஜெக்ட் 365’ என்ற திட்டத்தை நடத்தினார். புகைப்படக்காரர்கள் பலர் கூடி ஓராண்டுக்காலம் இந்த ஊரை எடுத்தார்கள். மறைந்துகொண்டிருக்கும் வாழ்க்கையை நாளைக்குப் பார்க்கும்படி பொது ஆவணமாக்குவது நோக்கம். இந்த ஊரைப் பற்றி எடுத்த படங்களில் மலை எப்போதும் நாயகனாகவே இருந்துவந்தது. இங்கே பிழைப்பு நடத்துபவர்கள், மலை சுற்றுபவர்கள், கடைக்காரர்கள், திருநங்கையர், சாதுக்கள் ஆகியோரைச் சட்டத்தின் நடுவில் வைத்து, மலைக்கு அவர்களுக்குப் பின்னால் இடம் கொடுக்கும் படங்கள் குறைவு. இப்படி ஓராண்டு முழுக்க எடுத்துச் சேர்ப்பது தமிழ்நாட்டின் ஒவ்வொரு கோயில் ஊருக்கும் தேவை. காஞ்சிக்கும் கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் யாராவது இதைத் தொடங்கினால், இந்தத் தொடரின் வாசகர்களில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் 1935-ன் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகிறோம். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாமல் டங்கன் தமிழ் நடிகர்களின் முகத்தருகே காமிராவை எப்படிக் கொண்டுபோனார் என்பதைப் பார்ப்போம்.